சோர்ஸ் கோடில் இருக்கும் பழைய டாக்குமெண்டேஷன் லிங்குகளைச் சரிசெய்வதெல்லாம் ஒரு பங்களிப்பா?

கேட்டவர் விளக்கத்தில் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: பைதான் போன்ற ஒரு மொழியின் சோர்ஸ் கோடை இறக்கிப் பார்த்தேன், கமெண்டுகளுக்குள் (கோடுக்கு நடுவே படிப்பவருக்காக எழுதும் குறிப்புகள்) நிறைய லிங்குகள் செத்துக் கிடக்கின்றன, அவற்றை மாற்றி ஒரு பிஆர் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) போட்டால் மதிப்பார்களா, இல்லை கணக்குக் காட்டப் போட்டது என்று ஒதுக்கிவிடுவார்களா?

இரண்டும் நடக்கும். எனக்கு முதலில் நடந்தது இரண்டாவது.

நான் இருப்பது சேலம் அம்மாபேட்டையில். கம்பெனி பெங்களூரில், வேலை வீட்டிலிருந்து. பக்கத்து வீட்டில் விசைத்தறி. பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன், ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் தெரு அமைதியானதும்தான் எவ்வளவு சத்தத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும். அப்படி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, லேப்டாப்பில் மூன்று மணி நேர சார்ஜும் போன் ஹாட்ஸ்பாட்டுமாக, பைதான் ரெப்போவில் (கோட் முழுவதும் இருக்கும் களஞ்சியம்) 'கிட் கிரெப்' என்ற தேடல் கட்டளை போட்டு எச்டிடிபி என்று தொடங்கும் எல்லா வரிகளையும் எடுத்தேன். திரை நிரம்பி ஓடியது. எவ்வளவு வேலை கிடக்கிறது, இதை யாருமே பார்க்கவில்லையா என்று ஒரு சந்தோஷம். மொத்தமாகத் தேடி மாற்றும் 'செட்' கட்டளை ஒன்றை எழுதி, எச்டிடிபி என்று இருந்ததையெல்லாம் எச்டிடிபிஎஸ் ஆக்கினேன். பழைய டொமைன்கள் சிலவற்றையும் அதே வீச்சில் மாற்றினேன். அறுபது சொச்சம் கோப்புகள். மதியச் சாப்பாட்டுக்கு முன் பிஆர் போட்டாயிற்று.

சாப்பிட்டு வருவதற்குள், பிஆர் போட்டதும் தானாக ஓடும் டெஸ்டுகள் வரிசையாகச் சிவப்பு.

என்ன ஆனது என்றால், எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவத்தில் நேம்ஸ்பேஸ் (ஒரே பெயர் இரண்டு இடத்தில் குழம்பாமலிருக்க வைக்கும் அடையாளம்) என்று ஒன்று உண்டு. எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பைதானின் எலிமென்ட்ட்ரீ கோப்பில் ஒரு டிக்‌ஷனரி இருக்கிறது. டபிள்யூ3 டொமைனில் 1999 என்று ஆண்டு போட்ட எக்ஸ்எச்டிஎம்எல் முகவரி ஒரு பக்கம், அதற்கு நேராக 'எச்டிஎம்எல்' என்ற சுருக்கப்பெயர். பார்த்தால் லிங்க் மாதிரி இருக்கும், லிங்க் இல்லை. அது ஒரு பெயர். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, நிரல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட மட்டும்தான் செய்கிறது. நடுவில் ஒரு 'எஸ்' சேர்த்தால் அது வேறு பெயர். ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல் என்று கொண்டுபோய் நீட்டினால் கவுண்ட்டரில் என்ன சொல்வார்கள்? அதையேதான் டெஸ்டும் சொன்னது.

ரிவ்யூ செய்தவர் திட்டவில்லை. இரண்டே வரி. இத்தனை கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆள் இல்லை, தவிர நீங்கள் மாற்றிய லிங்குகளை நீங்களே திறந்து பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். பார்க்கவில்லை. பிஆரை மூடிவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து அடுத்தவர் மடியில் விட்ட கதை.

உங்கள் கேள்விக்கான பதில் அவர் கேட்ட அந்த ஒரு வரியில் இருக்கிறது. லிங்கைத் திறந்து, அங்கே என்ன இருந்தது, அதை எழுதியவர் எதைக் காட்ட நினைத்தார், அது இப்போது எங்கே இருக்கிறது என்று மூன்றையும் பார்த்தவரின் பிஆரை மதிப்பார்கள். பார்க்காதவருடையது அவர்களுக்குக் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

லிங்குகள் ஏன் சாகின்றன என்று தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம். பெரும்பாலும் யாரும் எதையும் அழிப்பதில்லை, வீடு மாறுகிறார்கள். பைதான் கோட் மெர்க்குரியல் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியிலிருந்து கிட்ஹப் தளத்துக்கு 2017 பிப்ரவரியில் வந்தது. பக் பதிவுகள் தனித் தளத்திலிருந்து கிட்ஹப்புக்கு 2022-இல் வந்தன. அதே ஆண்டில் பெப் எனப்படும் பைதான் மேம்பாட்டு முன்மொழிவு ஆவணங்களுக்கும் தனி முகவரி கிடைத்தது. இதற்கு நடுவே 2021-இல் முதன்மைக் கிளையின் பெயர் 'மாஸ்டர்' என்பதிலிருந்து 'மெயின்' ஆனது. கூகுள் கோட் தளம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது, அதை நம்பி எழுதப்பட்ட கமெண்டுகள் எத்தனையோ மொழிகளில் கிடக்கின்றன. பெர்ல்காரர்களுக்கு 2018-இல் சீபான் (பெர்ல் நிரல் தொகுப்புகளின் களஞ்சியம்) தேடல் தளம் மூடி மெட்டாசீபான் ஆனது. கோ மொழியின் வீடு கோலாங் டாட் ஆர்கிலிருந்து கோ டாட் டெவ்வுக்குப் போனது. இவர்களில் பெரும்பாலோர் பழைய வாசலில் ரீடைரக்ட் என்று பலகை மாட்டிவிட்டுப் போன பொறுப்பானவர்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் சொந்தப் பக்கங்கள்தான் பாவம். பைதானின் ரேண்டம் மாட்யூலுக்குள் இருக்கும் மெர்சென் ட்விஸ்டர் என்ற எதேச்சை எண் உருவாக்கும் முறையை எழுதியவர்களில் ஒருவரான மட்சுமோட்டோவின் பக்கம், பழைய பிரதிகளில் கெயோ பல்கலைக்கழக முகவரியோடு இருக்கும், பின்னால் வந்தவற்றில் ஹிரோஷிமா. மனிதர் வேலை மாறினால் அல்காரிதமும் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடுகிறது.

செத்த லிங்க் என்றால் 404 என்று நினைக்க வேண்டாம். 404 நேர்மையானது, இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். எனக்குத் தலைவலி கொடுத்தது இன்னொரு வகை. சேலத்திலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டுடியோ. வளைவு கம்பீரமாக நிற்கிறது, பெயரும் இருக்கிறது, வழி கேட்டால் இன்றும் அதைச் சொல்லித்தான் காட்டுவார்கள். உள்ளே போனால் ஸ்டுடியோ இல்லை, வீடுகள். சில தளங்கள் அப்படித்தான்: பழைய முகவரியைத் தட்டினால் 200 ஓகே என்று பதில் வரும், பக்கமும் திறக்கும், ஆனால் நீங்கள் நிற்பது அந்தத் தளத்தின் முகப்பில். தேடி வந்த பத்தி எங்கேயும் இல்லை. தானாக லிங்க் சரிபார்க்கும் கருவிக்கு இது பச்சைதான்.

முகவரியின் கடைசியில் ஹேஷ் போட்டு வரும் தலைப்புக் குறியும் அப்படியே. ஹேஷுக்குப் பின்னால் இருப்பதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. அந்தத் தலைப்பைப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தாலும் பக்கம் ஜோராகத் திறக்கும், வாசகன் உச்சியிலேயே நின்று திருதிரு என்று விழிப்பான்.

இதற்கு நேர்மாறாக, கருவி செத்தது என்று சொல்லும், ஆள் உயிரோடிருப்பார். சில சர்வர்கள் கருவிகள் அனுப்பும் ஹெட் கோரிக்கையை (பக்கத்தை எடுக்காமல் அதன் தகவலை மட்டும் கேட்பது) ஏற்காமல் 405 என்ற மறுப்பு எண் தரும். ஸ்கிரிப்டிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் 403 தருகிறவையும், அடுத்தடுத்துத் தட்டினால் 429 தருகிறவையும் உண்டு. பைதானின் டாக் ஃபோல்டரில் ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணம் உருவாக்கும் கருவியின் 'லிங்க்செக்' ஓட்டலாம், நல்ல கருவி. ஆனால் அது டாக்குமெண்டேஷன் பக்கங்களைத்தான் பார்க்கும், சி மொழிக் கோப்பின் கமெண்டுக்குள் இருப்பதைப் பார்க்காது. அங்கே உங்கள் கண்தான்.

அப்புறம் என் இரண்டாவது முயற்சி. மூன்று மாதம் கழித்து, ஒரே ஒரு லிங்க்.

சி கோப்பு ஒன்றில் ஒரு சிஸ்டம் அழைப்பை (இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்பு) வழக்கத்துக்கு மாறாக இரண்டு முறை செய்திருந்தார்கள். மேலே கமெண்ட்: 'இது ஏன் என்பதற்கு இங்கே பார்க்கவும்', பக்கத்தில் ஒரு முகவரி. முகவரியில் வார்த்தை எதுவும் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாள எண் மட்டும். திறந்தால் ஒரு பெரிய நிறுவனத்தின் டாக்குமெண்டேஷன் முகப்பு. வளைவு இருக்கிறது, ஸ்டுடியோ இல்லை.

ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார் என்று காட்டும் 'கிட் பிளேம்' போட்டு அந்த வரி எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்தேன். பழைய பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்து, அந்தத் தேதியை ஒட்டிய பிரதியைத் திறந்தேன். தேதி முக்கியம். கடைசிப் பிரதியைத் திறந்தால் அதுவும் முகப்புக்குத் தள்ளிவிடும் பிரதியாகவே இருக்கலாம். என்னுடையது அப்படித்தான் இருந்தது, நாலைந்து பிரதி பின்னால் போன பிறகுதான் உண்மையான பக்கம் வந்தது. நீளமான பக்கம். குறிப்புகள் என்ற பகுதியில் நான்காவது பத்தி: குறிப்பிட்ட ஒரு நிலையில் முதல் அழைப்பு தேவைப்படும் அளவை மட்டும் சொல்லும், தரவைத் தராது, அந்த அளவுக்கு நினைவகம் ஒதுக்கிக்கொண்டு மறுபடி கூப்பிட வேண்டும். இதுதான் எழுதியவர் காட்ட நினைத்த இடம்.

பக்கத்தின் தலைப்பைப் புதிய தளத்தில் தேடினேன். அதே தலைப்பில் பக்கம் கிடைத்தது. அதைப் போட்டு முடித்திருப்பேன், முதல் முறை பட்ட சூடு நினைவுக்கு வந்தது. படித்துப் பார்த்தால் அந்த நான்காவது பத்தி அங்கே இல்லை. பிரித்து வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்னொரு அரை மணி நேரம். பக்கத்து வீட்டில் தறி இரவு ஷிஃப்ட்டுக்கு மாறிவிட்டது.

பிஆர் விளக்கத்தில் மூன்று வரி எழுதினேன்: பழைய முகவரி இப்போது முகப்புக்குப் போகிறது, கமெண்ட் எழுதப்பட்ட காலத்துப் பிரதி இது, அந்தப் பத்தி இப்போது இருக்கும் பக்கம் இது. ரிவ்யூ செய்தவர் (வேறு ஆள்) ஒரே கேள்வி கேட்டார்: இந்த லிங்கும் செத்தால்? சரி என்று, லிங்குக்கு மேலே காரணத்தை ஒரே வாக்கியமாகக் கமெண்டில் சேர்த்தேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று டெஸ்டுகள் வரிசையாக ஓடி முடிவதற்குள் தெருமுனைக்குப் போய் தட்டுவடை செட் இரண்டு பிளேட் முடித்துவிட்டு வந்தேன். எல்லாம் பச்சை. மறுநாள் காலை மெர்ஜ் ஆகி, பைதான் கோடோடு சேர்ந்திருந்தது. மிஸ் இஸ்லிங்டன் என்ற பாட் (தானியங்கி நிரல்) அதே மாற்றத்தைப் பழைய பதிப்புக் கிளைக்கும் தானாகவே பேக்போர்ட் பிஆராகப் போட்டிருந்தது. நான் பார்த்த முதல் நோட்டிஃபிகேஷன் அதுதான், யாரோ அக்கா நமக்காக வேலை செய்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.

தொடக்கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன், நான் எல்லாவற்றையும் தொட்டவன். லைசென்ஸ் வாசகத்தைத் தொடாதீர்கள். பழைய ஜிபிஎல் (ஒரு கட்டற்ற மென்பொருள் உரிமம்) குறிப்புகளில் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் தபால் முகவரி டெம்பிள் பிளேஸ் என்று இருக்கும். அவர்கள் 2005-இலேயே ஃபிராங்க்ளின் தெருவுக்குப் போய், பிறகு அங்கிருந்தும் காலி செய்துவிட்டார்கள். தவறான முகவரிதான், ஆனாலும் அடுத்தவர் எழுதிய உரிம வாசகத்தை நாமாகத் திருத்துவது நம் வேலை இல்லை. வேறு திட்டத்திலிருந்து அப்படியே கொண்டுவந்து வைத்த கோடு, உதாரணமாக பைதானுக்குள் இருக்கும் எக்ஸ்பாட் என்ற எக்ஸ்எம்எல் படிக்கும் நிரல், அதன் சொந்த ரெப்போவில்தான் திருத்தப்பட வேண்டும். இங்கே திருத்தினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழையதே திரும்பி வரும். தானாக உருவாகும் கோப்புகளும் அப்படியே: பைடாக் என்ற உதவிக் கருவியின் டாபிக்ஸ் கோப்பில் தப்பு இருந்தால் டாக்குமெண்டேஷனில் திருத்துங்கள், அதிலிருந்துதான் இது பிறக்கிறது. டெஸ்ட் கோப்புக்குள் இருக்கும் முகவரிகள் பல சோதனைக்கான வெறும் சரங்கள், செத்திருந்தாலும் அவை தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

புதிய லிங்க் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிட்ஹப்பில் ஒரு வரியைக் காட்ட வேண்டுமென்றால் கிளையின் பெயரோடு போடாதீர்கள், நாளைக்கே யாராவது மேலே இரண்டு வரி சேர்த்தால் உங்கள் எண் வேறு வரியைக் காட்டும். அந்தப் பக்கத்தில் கீபோர்டில் ஒய் தட்டினால் முகவரி கமிட் (பதிவான ஒரு மாற்றம்) எண்ணோடு மாறும், அது நகராது. பைதான் டாக்குமெண்டேஷனுக்கு மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. முகவரியில் 3 என்று போட்டால் எப்போதும் புதிய பதிப்பு, 3.8 என்று போட்டால் அந்தப் பதிப்பிலேயே நிற்கும். கமெண்ட் பேசுவது இன்றைய நடத்தையையா, அந்தக் காலத்து நடத்தையையா என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல இடங்களில் எனக்கே இரண்டு மனம்தான்.

பைதானுக்கு என்றால் முதல் பிஆருக்கு முன் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை. ஒழுங்காகத் திறந்து ரீடைரக்ட் ஆகும் லிங்குகளை மொத்தமாக மாற்றும் ஆசையைக் கொஞ்ச நாள் அடக்கி வையுங்கள். உயிரோடு இருப்பதை மாற்றினால் பிளேமில் உங்கள் பெயர்தான் முன்னால் நிற்கும், அந்த வரியை உண்மையில் யோசித்து எழுதியவரைத் தேட இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். முழுக்கச் செத்ததிலிருந்து தொடங்குங்கள், ஒரு பிஆருக்கு ஒன்று அல்லது ஒரே கோப்பில் இரண்டு மூன்று.

இப்படி இதுவரை பதினொன்று போயிருக்கின்றன. அந்த முதல் லிங்க் இப்போது இல்லை. போன வருடம் யாரோ அந்தப் பகுதியையே புதிதாக எழுதிவிட்டார்கள், இரட்டை அழைப்பு போய்விட்டது, அதோடு கமெண்டும் லிங்கும் போய்விட்டன. அந்த கமிட்டின் விளக்கத்தைத் திறந்து பார்த்தேன். எதற்காக இரண்டு முறை கூப்பிட்டார்கள், இனி ஏன் வேண்டாம் என்று எழுதியிருந்தார், நான் கமெண்டில் சேர்த்த அந்த ஒரு வாக்கியத்தை மேற்கோள் காட்டி.