உப்பு வைத்த வாத்தியார்

கேள்வி: 'பிரேக்கிங் பேட்' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். வால்ட்டர் ஒயிட்டுக்கும் ஜெஸ்ஸிக்கும் இடையிலான உறவு ஏன் இத்தனை டாக்ஸிக்? அவ்வளவு ஏமாந்தும் ஜெஸ்ஸி ஏன் விலகிப் போகவில்லை?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: 'டாக்ஸிக்' என்று எழுதிவிட்டீர்கள். இனி தொடருக்கு வரக் கொஞ்சம் நேரமாகும்.

கிரேக்கத்தில் 'டாக்ஸோன்' என்றால் வில். அம்பு நுனியில் தடவும் விஷத்துக்கு 'டாக்ஸிகோன் பார்மகோன்' என்று பெயர். பிற்பாடு இரண்டு சொல்லும் பாகம் பிரித்துக்கொண்டன. விஷமாக இருந்த பார்மகோன் திருந்தி மருந்துக்கடை வைத்துவிட்டது. ஒரு பாவமும் அறியாத வில்லின் தலையில் விஷம் விழுந்தது. ஆக, அவர்கள் உறவு ஏன் இத்தனை வில்லாக இருக்கிறது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள்.

'நச்சு உறவு என்று எழுதினால் என்ன?' என்று தனித்தமிழ் நண்பர்கள் இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பார்கள். மூடுங்கள், எழுதுகிறேன், ஆனால் உங்கள் காரணத்துக்காக அல்ல. நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது விஷமில்லை, விருப்பம். 1008ஆம் குறளை வள்ளுவர் 'நச்சப்படாதவன்' என்று தொடங்கி, அடுத்த அடியிலேயே ஊர் நடுவில் 'நச்சு மரம்' நடுகிறார். முதலது பிரியம், பின்னது நஞ்சு. வால்ட்டர் ஒயிட் ஜெஸ்ஸி மீது வைத்தது இந்த இரண்டும்தான், பிரிக்க முடியாதபடி.

வேதியியல் வாத்தியார் வால்ட்டர், பழைய மாணவன் ஜெஸ்ஸியைச் சேர்த்துக்கொண்டு போதைமருந்து காய்ச்சும் கதை. 2008 முதல் 2013 வரை ஐந்து சீசன், 62 எபிசோடு. நம்பிக்கைத் துரோகம் என்றால் எல்லோரும் ஜெஸ்ஸியின் காதலி ஜேன் சாவதை வால்ட்டர் நின்று வேடிக்கை பார்த்ததைச் சொல்வார்கள். என் ஓட்டு உப்புக்கு.

நான்காவது சீசன் முடிவை நினைத்துப் பாருங்கள். போதைமருந்துக் கும்பல் தலைவன் கஸ்ஸைக் கொல்ல வைத்திருந்த ரிசின் என்ற விஷம், ஜெஸ்ஸியின் பெட்டியில் ஒரு சிகரெட்டுக்குள் இருக்கிறது. வக்கீல் சாலின் ஆள் ஹியூல், உடம்பைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று தடவி அதை உருவிவிடுகிறான். ஜெஸ்ஸியின் தோழியுடைய மகன் பிராக் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பெட்டியைப் பார்த்தால் விஷ சிகரெட்டைக் காணோம். ஜெஸ்ஸி நேராக வந்து வால்ட்டரின் தலையில் துப்பாக்கியை வைக்கிறான். சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி! வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் வதக்கின பேச்சில் வால்ட்டர் அதைக் கஸ் பக்கம் திருப்பிவிடுகிறார். பையன் பிழைக்கிறான், அவன் உடம்பில் இருந்தது ரிசினே இல்லை, 'லில்லி ஆஃப் தி வேலி' என்ற செடியின் விஷம். கடைசி ஷாட்டில் வால்ட்டர் வீட்டுப் பின்புறம் அந்தத் தொட்டி. நம் சீரியலாக இருந்தால் பால் டம்ளர், இடி, மூன்று முறை முகத்துக்கு ஜூம், கதவோரம் ஒரு காது. இங்கே ஒரு செடி. வசனம் கிடையாது.

அதோடு விட்டாரா வாத்தியார்? அடுத்த சீசனில், சின்னக் குப்பியில் சாப்பாட்டு உப்பை அடைத்து, சிகரெட்டுக்குள் செருகி, ஜெஸ்ஸி வீட்டில் தரை துடைக்கும் ரோபோவுக்குள் ஒளித்து, கூடவே நின்று தேடவும் உதவுகிறார். நிஜ ரிசின் அவர் வீட்டுச் சுவரில், பிளக் பாயிண்ட் மூடிக்குப் பின்னால். தேடியது கிடைத்ததும் ஜெஸ்ஸி உடைந்து அழுகிறான்: உங்களைப் போய் சுட இருந்தேனே! வால்ட்டர் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வைத்துவிட்டார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான். ஏமாந்தது தெரிந்தால் விலகலாம். 'நான்தான் சந்தேகப்பட்டுத் தப்பு செய்தேன்' என்று நம்பவைக்கப்பட்டவன் விலக மாட்டான், கடனடைக்க இன்னும் நெருங்கி வருவான். அதிலும் அவர் பள்ளியில் வேதியியல் நடத்திய ஆசிரியர். சேர்ந்து குற்றம் செய்யும்போதும் அவனுக்கு அவர் 'மிஸ்டர் ஒயிட்'தான். நாம் சார் என்போம். மதிப்பெண் போட்டவரைக் கணக்குக் கேட்க யாருக்குமே நாக்கு எழாது. சொல்லப்போனால் விலகத்தான் கிளம்பினான். 2013இல், ஊரைவிட்டுக் கூட்டிப்போக வரும் வண்டிக்காகத் தெருவோரம் நிற்கிறான். பாக்கெட்டில் கைவிட்டால் கஞ்சாவைக் காணோம், சிகரெட் பெட்டிதான் இருக்கிறது. மறுபடியும் ஹியூல்! அந்தப் பெட்டியைப் பார்த்தபடி நிற்கும்போதுதான் பழைய கணக்கு விளங்குகிறது. நமக்கு 2011லேயே தெரிந்தது அவனுக்கு அப்போதுதான்.

ரிசின் ஆமணக்கு விதையில் இருப்பதாயிற்றே, விளக்கெண்ணெய் குடித்த தலைமுறை எப்படிப் பிழைத்தது என்று அடுத்த இதழுக்கு யாராவது கேட்பீர்கள். தபால் செலவு மிச்சம்: ரிசின் புரதம், எண்ணெயில் கரையாது. ஆட்டும்போது புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால்தான் ஆமணக்குப் புண்ணாக்கு வயலுக்கு உரமாகப் போகிறது. மாட்டுக்கு வைப்பது கடலைப் புண்ணாக்கு.