கொரிய வேட்டைத் திரைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரியாவின் பழைய மடிப்புத் திரைகளைப் பற்றிய நூலொன்றில், பின்னாளில் சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தவர் வேட்டையாடும் காட்சிகளைப் பல பக்கங்களில் கண்டேன். கொரியாவின் மீது படையெடுத்து அதைப் பணியவைத்தவர்கள் அல்லவா அவர்கள்? பகைவரின் வேட்டையை ஏன் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள்?

செல்வி

அன்புள்ள செல்வி,

1637இல் நம்ஹான் மலைக்கோட்டையை விட்டு இறங்கிவந்த கொரிய மன்னர் இன்ஜோ, மஞ்சுப் பேரரசர் முன் மும்முறை மண்டியிட்டு, ஒன்பது முறை தலை தரையில் படப் பணிந்தார். அந்த அவமானத்தை அன்றைய கொரியாவான சோசொனின் அரசவை தலைமுறைகளுக்கு மறக்கவில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மஞ்சுக்கள் ஆண்ட சீனாவின் தலைநகர் பீக்கிங்குக்குத் தூது சென்று திரும்பியவர்களில் சிலர், வெறுப்பை ஒதுக்கிவைத்து அந்நாட்டிடம் கற்க வேண்டியதைக் கற்கலாம் என்று வாதிடத் தொடங்கினர். மஞ்சுப் பேரரசர் சியென்லுங் வட சீனாவின் முலான் காட்டில் இலையுதிர்காலத்தில் நடத்திய வேட்டை, உண்மையில் குதிரைப்படைக்கான போர்ப்பயிற்சி. படைவலிமையில் பெரும் அக்கறை கொண்டிருந்த மன்னர் ஜோங்ஜோவின் காலத்தில் (1776–1800) 'ஹோர்யோப்தோ' எனப்படும் இந்த மஞ்சு வேட்டை ஓவியவகை உருவானதில் எனக்கு வியப்பில்லை. பெரும் ஓவியர் கிம் ஹோங்தோ இவ்வகையில் வரைந்ததாகப் பழைய குறிப்பு உண்டு.

2020இல் நியூயார்க் ஏலத்தில் வாங்கப்பட்டுக் கொரியாவுக்குத் திரும்பிய எட்டு மடிப்புப் பட்டுத் திரையின் படத்தைத் தேடிப் பாருங்கள். வலப்புறத்திலிருந்து பார்த்துக்கொண்டு வரவேண்டும். தொடக்கத்தில் மலையும் அருவியும்தான்; பிறகு கொம்பும் சங்கும் ஊதுவோர்; ஐந்தாம் மடிப்பில் நீல உடையில் பேரரசர்; கடைசி இரண்டில்தான் மானையும் புலியையும் நோக்கி வில்லும் ஈட்டியும் பாய்கின்றன. வேட்டையை இவ்வளவு தள்ளிவைத்து, அதற்கு முன் அமைதியான நிலவெளியையும் அணிவகுப்பையும் விரித்த அந்தப் பெயர் தெரியாத அரசவை ஓவியரின் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அரண்மனையிலிருந்து படையதிகாரிகளின் இல்லங்களுக்கும், 19ஆம் நூற்றாண்டில் எளிய மக்களின் வீடுகளுக்கும் இத்திரைகள் பரவின. அங்கே மான் நீண்ட ஆயுளுக்கும், புலி தீயவற்றை விரட்டுவதற்கும் உரியவையாயின. போர்ப்பயிற்சி பின்னுக்குப் போய் மங்கலம் முன்னுக்கு வந்தது. அதற்குள் பழைய பகை மறைந்துவிட்டது என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. நாட்டுப்புற ஓவியர்கள் வண்ணத்தையும் அளவையும் விருப்பம்போல் மாற்றினார்களே தவிர, வேட்டைக்காரர்களின் மஞ்சு உடையையும் தொப்பியையும் மாற்றவில்லை. குதிரைமேல் தங்கள் வீரர்களை ஏற்றியிருக்கலாம், ஏற்றவில்லை. வில்லேந்தியவர் யார் என்பது அவர்களுக்கு நன்றாகவே நினைவிருந்தது என்றே நான் கருதுகிறேன்.