அவளிடம் யார் சொன்னார்கள்?

ஐயா, என் தங்கைக்கு 29 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. ஆண் குழந்தை, 1,100 கிராம். தஞ்சாவூரில் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தொப்புள் வழியாக ரத்தக் குழாய்க்குள் போட்ட லைனில் (மெல்லிய டியூப்) இன்ஃபெக்‌ஷன் என்று ஏழாம் நாள் அதை எடுத்துவிட்டு, கையில் ஊசி போட்டு ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள். இப்போது தேறி வருகிறான். இது அலட்சியம்தானே? மாமா கேஸ் போடச் சொல்கிறார்.
சு., மன்னார்குடி

அன்புள்ள சு.,

பிள்ளை தேறுகிறான், அது போதும் இப்போதைக்கு.

அந்த வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்தால் தாங்காது. சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் ரத்தத்தில்தான் போக வேண்டும், அதற்குத்தான் அந்த லைன். அதே வழியில் கிருமியும் போகும். தாயின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளைக்கு வந்து சேரும், இவனுக்கு அது கிடைக்கவில்லை. தொற்று வந்ததாலேயே அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கை கழுவினார்களா, லைனின் வாயை ஒவ்வொரு முறையும் துடைத்தார்களா, இன்றைக்கும் இது தேவையா என்று தினமும் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேஸெல்லாம் அப்புறம்.

சரி, மாமா சொன்னதை எழுதினீர்கள். தங்கை என்ன சொன்னாள்? ஒரு வரி இல்லையே! பெற்றவள் எங்கே இருக்கிறாள், பிள்ளையைப் பார்த்தாளா, அவளிடம் யாராவது லைனைப் பற்றிச் சொன்னார்களா?

கும்பகோணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் என் அக்கா மகளுக்கு இதேதான். மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி லைனைப் போட்டுவிட்டார்கள். மாடியில் ஆபரேஷன் வலியோடு கிடந்தவளுக்கு ஆயா சொல்லித்தான் தெரியும். பாலைப் பீய்ச்சினாள், பாலாடையில் அடி நனைகிற அளவுதான் வந்தது. “இதை உள்ளே கொடுப்பாங்களா, கொட்டிருவாங்களா?” என்று ஆயாவிடம் கேட்டாள். வாசலில் நாங்கள் ஆண்கள் நாலு பேர் பில்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சொட்டுதான் ஐயா மருந்து. குழாய் வழியே வயிற்றுக்குப் போகிற பால் கூடக் கூட, லைனைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். லைன் இருக்கிற ஒவ்வொரு நாளும் ஆபத்துதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. 1 முதல் 1.8 கிலோ வரையுள்ள பிள்ளைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு அணைத்து, தாயையும் தீவிர சிகிச்சை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது, தொற்றும் குறைந்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் தாயை வெளியே நிறுத்துகிற ஆஸ்பத்திரி மீது எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவளைக் கேட்காமலே கேஸ் பேசுகிற வீட்டின் மீதும்தான்.

நாளைக்குத் தங்கையை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பால் எத்தனை மில்லி ஏறியிருக்கிறது, எப்போது நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம் என்று அவளே கேட்கட்டும். மாமா வார்டு வாசலில் நின்று அவள் காதுபடப் பேச வேண்டாம்.