கேள்வி பதில்: கருந்துளை தின்னும்போது வரும் எக்ஸ் கதிர்

கே: கருந்துளையிலிருந்து ஒளியே தப்பாது என்கிறீர்கள். அப்புறம் எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது?

ப: வெளியிலிருந்துதான். உள்ளே விழப்போகும் வாயு சுற்றிலும் தட்டாகச் சுழன்று சூடேறுகிறது. கேலக்ஸி மையங்களில் இருக்கும் ராட்சதக் கருந்துளைகளில் அந்தத் தட்டு பெரும்பாலும் புற ஊதாவில் ஒளிரும். கருந்துளைக்கு அருகே கொரோனா என்ற எலக்ட்ரான் கூட்டம் இருக்கிறது. வெப்பம் சுமார் நூறு கோடி டிகிரி. தட்டிலிருந்து கிளம்பும் ஒளித்துகள்கள் அந்த எலக்ட்ரான்களில் மோதி, ஆற்றல் வாங்கிக்கொண்டு எக்ஸ் கதிராக வெளியேறுகின்றன. கொரோனாவின் வடிவம் என்ன, அதைச் சூடாக்குவது எது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

கே: நம் பூமியை விழுங்குமா?

ப: விழுங்காது.

கே: இதில் இரும்பு எங்கே வந்தது? எல்லாரும் இரும்புக் கோடு என்கிறார்களே?

ப: நல்ல கேள்வி. கொரோனாவின் எக்ஸ் கதிரில் ஒரு பங்கு திரும்பத் தட்டின் மேலேயே விழுகிறது. அங்குள்ள இரும்பு அணுக்கள் அதை வாங்கி 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (ஒளித்துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஒளிரும். ஆய்வகத்தில் அது நிறமாலையில், அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி வருகிறது என்ற வரைபடத்தில், ஒல்லியான கோடு. கருந்துளைக்குப் பக்கத்தில் வாயு ஒளிவேகத்தில் கணிசமான பங்கு வேகத்தில் ஓடுகிறது. ஈர்ப்பும் ஒளியின் ஆற்றலைக் குறைக்கிறது. அதனால் கோடு அகன்று, குறைந்த ஆற்றல் பக்கம் நீண்ட வாலாக இழுபடும். 1995-இல் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் தரவில், எம்.சி.ஜி.-6-30-15 என்ற கேலக்ஸியில் இந்த வாலைப் பார்த்தார்கள். கருந்துளை வேகமாகச் சுழன்றால் தட்டு இன்னும் உள்ளே வரை நீளும், வாலும் நீளும். சுழற்சியை அளப்பது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை: யாரும் சுழற்சியை நேரே பார்ப்பதில்லை. ஒரு கணித மாதிரியைத் தரவோடு பொருத்துகிறோம். வரும் எண் அந்த மாதிரியின் எண்.

கே: அப்படியானால் அந்த வாலே பொய்யாக இருக்கலாமே? நடுவில் வாயு மேகங்கள் மறைத்தாலும் நிறமாலை அப்படித்தானே வளையும்?

ப: வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். வளையும். வானியலாளர்கள் லான்ஸ் மில்லரும் ஜேன் டர்னரும் பல ஆண்டுகளாக வாதாடியது இதைத்தான். 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே மட்டும் பார்த்தால் இரண்டு கதைகளும் கிட்டத்தட்ட ஒரே வளைவைத் தரும். 2012-இல் ஏவிய நியூஸ்டார் என்ற எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி 79 வரை பார்க்கிறது. அதையும் எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் என்ற இன்னொரு எக்ஸ் கதிர் தொலைநோக்கியையும் ஒரே நேரத்தில் என்.ஜி.சி. 1365 என்ற கேலக்ஸி பக்கம் திருப்பினார்கள். மேகங்கள் மட்டும் போதாது, தட்டின் உள்விளிம்பிலிருந்து வரும் பிரதிபலிப்பு தேவை என்று ரிசாலிட்டி குழு 2013-இல் எழுதியது.

கே: (அதே நண்பர்) அதே ஆண்டே மில்லரும் டர்னரும் மறுத்தார்களே! மேகம் போதிய அடர்த்தியாக இருந்தால் சிதறல் ஒளியே அந்தத் தரவை விளக்கும் என்று?

ப: மறுத்தார்கள், நான் அதை மறைக்கவில்லை. ஆனால் நிறமாலையை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். 1எச் 0707-495 என்ற கேலக்ஸியில் கொரோனா மினுக்கினால், சுமார் 30 வினாடி தாமதமாகப் பிரதிபலிப்பும் மினுக்குகிறது. 2009-இல் வந்த முடிவு. அவ்வளவு குறைந்த தாமதம் என்றால் எதிரொலிக்கும் இடம் கொரோனாவுக்கு மிக அருகே இருக்க வேண்டும். தாமதத்துக்கும் தொலைவிலுள்ள மேகங்களைக் காட்டி விளக்கம் சொல்கிறார்கள் என்பீர்கள். சொல்கிறார்கள்தான். எனக்கு அது வலிந்த விளக்கமாகப் படுகிறது.

கே: கருந்துளை பூமியை...

ப: மேலே பாருங்கள்.

கே: இவ்வளவு வெளிச்சத்துக்கு எரிபொருள் போதுமா?

ப: ஹைட்ரஜன் ஹீலியமாக இணையும்போது நிறையில் சுமார் 0.7 சதவீதம் ஆற்றலாகும். சுழலாத கருந்துளையில் விழும் வாயு சுமார் 6 சதவீதம் தரும். உச்ச வேகத்தில் சுழன்றால் கொள்கையளவில் 42 வரை போகும். ஆண்டுக்கு ஒரு சூரிய நிறை விழுந்தாலே ஒரு குவாசர் (ராட்சதக் கருந்துளை தின்பதால் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையம்) எரியும்.

கே: பிளஸ் டூ புராஜெக்டுக்கு இதை இரண்டு பக்கத்தில் எழுதித் தர முடியுமா?

ப: முடியாது. இரும்புக் கோடு பதிலைப் படித்து நீங்களே எழுதுங்கள்.

கே: (மீண்டும் மேக நண்பர்) எக்ஸ்ரிசம் என்ற புது எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் தீர்த்து வைக்குமா?

ப: 2023-இல் ஏவியது, கோடுகளைச் சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் நுட்பத்தில் பிரிக்கும். என்.ஜி.சி. 4151 கேலக்ஸியில் இரும்புக் கோட்டின் ஒல்லிப் பகுதியையே பல தொலைவுகளிலிருந்து வரும் துண்டுகளாகப் பிரித்துக் காட்டியது. அந்த ஒல்லித் துண்டுகளைக் கழித்துவிட்டால் மிஞ்சும் அகலத்தைப் பற்றி இரு தரப்பும் குழப்பமில்லாமல் சண்டை போடலாம். ஆனால் அதன் உணரியின் முன்னுள்ள மூடி திறக்காததால் சுமார் 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே ஒன்றும் வருவதில்லை. உங்கள் மேகங்களின் தடயம் நிறைய இருப்பது அங்கேதான். ஆகவே உங்கள் கட்சிக்கும் இன்னும் வாய்ப்பிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் ஆரம்பிக்காதீர்கள்.