வரி கேள்வி–பதில்: காண்ட்ராக்டர் என்றாலே ஏய்ப்பவரா?

கேள்வி: கோத்தகிரி, குன்னூர் பக்கம் தடுப்புச் சுவர், வடிகால் வேலைகள் எடுத்துச் செய்கிறேன். 2023-24இல் ஒரு கோடி ரூபாய்க்கு வேலை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் (செலவுக் கணக்கு காட்டாமல், வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் வழி) 6 சதவீத லாபம் காட்டி ரிட்டர்ன் போட்டேன். வேறு வருமானம் இல்லை. ‘26ஏஎஸ்-இல் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) 1.18 கோடி இருக்கிறது, உங்கள் ரிட்டர்ன் குறைபாடுடையது’ என்று வருமான வரித் துறையிடமிருந்து 139(9) பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கிறது. வரி விழிப்புணர்வுக் கூட்டத்திலும் 6, 8 சதவீதம் காட்டுகிறவர்களை ஏய்ப்பவர்களோடு சேர்த்தே பேசினார்கள். சட்டத்தில் உள்ளதைச் செய்தது குற்றமா?

பதில்: இல்லை. வங்கி வழியே வந்த தொகைக்குக் குறைந்தது 6, ரொக்கத்துக்கு 8 என்பது சட்டமே போட்ட பாதை. வரவு 2 கோடிவரை இதில் போகலாம். ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடிவரை. செலவெல்லாம் மீதித் தொகையில் அடங்கிவிட்டதாகவே கணக்கு என்பதால், மேட்டுப்பாளையத்திலிருந்து எம்-சாண்ட் ஏற்றிவந்த லாரிக்கு ரொக்கமாகக் கொடுத்ததைத் தனியே கழிக்கவும் முடியாது. இதை ‘ஏய்ப்பு’ என்று பேசுவது தவறு. பார்க்கப்போனால், 6 லட்சம் லாபத்துக்குப் புதிய வரி முறையில் உங்களுக்கு வரியே கிடையாது. பில் பணம் தரும்போதே ஒரு சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வரி) என்று பிடித்த 1.18 லட்சம்தான் வரித் துறையிடம் கிடக்கிறது!

விடுபட்டதாகச் சொல்லும் 18 லட்சம், ஒரு கோடிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி. பில்லில் ஜிஎஸ்டி தனியே காட்டியிருந்தால் வேலைத் தொகைக்கு மட்டும் டிடிஎஸ் பிடித்தால் போதும் என்று நேரடி வரிகள் வாரியத்தின் 2017ஆம் ஆண்டு 23ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. பில் போடும் இடத்தில் மொத்தத்துக்கும் பிடித்துவிடுகிறார்கள். அந்த மொத்தமே 26ஏஎஸ்-இல் உங்கள் வரவாக ஏறிவிடுகிறது.

பயந்துபோய் 18 லட்சத்தைச் சேர்த்து மறுபடி ரிட்டர்ன் போட்டுவிடாதீர்கள். அப்புறம் வருமான வரிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் இடித்து, அங்கிருந்து ஒரு நோட்டீஸ் வரும். வருமான வரி இணையதளத்தில் ‘இ-புரொசீடிங்ஸ்’ போய், ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்பதைத் தேர்ந்து, வித்தியாசம் ஜிஎஸ்டி என்று நாலு வரியில் எழுதுங்கள். கெடு 15 நாள். தவறினால் ரிட்டர்னே போடாத கணக்குதான், ரீஃபண்டும் போச்சு. பில் எண், தேதி, வேலைத் தொகை, ஜிஎஸ்டி, டிடிஎஸ் என்று ஓர் அட்டவணை போட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி, டிடிஎஸ் சான்றான படிவம் 16ஏ இரண்டையும் சேர்த்து வைத்திருங்கள். பின்னால் கேட்டால் நீட்டலாம். டிடிஎஸ் பிடித்தவர்களிடம் திருத்த அறிக்கை போடச் சொல்லிக் கடிதம் கொடுத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்குங்கள்.

கேள்வி: வரவு 3 கோடியைத் தாண்டும்போல் இருக்கிறது. மனைவி பெயரில் இன்னொரு லைசென்ஸ் எடுத்துப் பாதி வேலையை மாற்றலாமா? பெரிய கம்பெனிகளுக்குத்தான் பொது வரித் தவிர்ப்புத் தடுப்பு விதி என்கிறார்களே?

பதில்: வேலையை அவரே நடத்தினால் எடுக்கலாம். பெயர் மட்டும் அவருடையது, ஆட்கள், பணம், கையெழுத்தெல்லாம் உங்களுடையது என்றால் வேண்டாம். வரியில் மிச்சமாகும் தொகை (வரவு அல்ல) 3 கோடியைத் தாண்டினால்தான் அந்தப் பொது விதி என்பது உண்மை. ஆனால் பெயர் மாற்றி எழுதுவது தவிர்ப்பே அல்ல, மறைப்பு. அதற்கு 270ஏ பிரிவில் வரியைப்போல் இரு மடங்கு அபராதம். வோடஃபோன் நிறுவனத்தின் வரி வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மையான திட்டமிடலை மட்டுமே. போலி ஏற்பாடுகளை அல்ல. வரவு கூடினால் கணக்கு எழுதித் தணிக்கை செய்துகொள்ளுங்கள்.