சாதாரண பெட்ரோல் எஞ்சினில் வீட்டிலேயே டர்போ பொருத்தினால் பிஸ்டனையும் மாற்றியே ஆக வேண்டுமா?

எவ்வளவு பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் கூடுதல் அழுத்தம், வேண்டும் என்பதைப் பொறுத்தது. 5, 6 பி.எஸ்.ஐ.யோடு (காற்றழுத்த அளவு) நிறுத்திக்கொண்டால், நல்ல நிலையில் உள்ள பல எஞ்சின்கள் பழைய பிஸ்டனோடே தாங்கும், டியூனிங் (பெட்ரோல் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் அமைப்பது) சரியாக இருந்தால்.

அதற்கு மேல் போனால் நாக்கிங்தான் முதல் எதிரி. டர்போ அழுத்தும்போதே காற்று சூடாகிவிடுகிறது. சிலிண்டருக்குள் மறுபடி அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன்பே காற்று-பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கிறது; இதுதான் நாக்கிங். வார்ப்பு பிஸ்டனில், அதைச் சுற்றியுள்ள ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவர் இதில்தான் உடையும். அதனால்தான் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், 9:1 அளவிலான கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம்), அடித்து உருவாக்கிய வலுவான ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்று போகிறார்கள். பிஸ்டன் மாற்றினால் ரிங் கேப்பை, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, கூடுதலாக விடுங்கள். சூட்டில் நீளும் ரிங்கின் முனைகள் முட்டிக்கொண்டால் புது பிஸ்டனும் போய்விடும்.

பலர் கோட்டைவிடுவது ஆயில் ரிட்டர்ன் குழாயில். டர்போவிலிருந்து வெளியேறும் ஆயிலைத் தள்ள அழுத்தம் கிடையாது, தானாக வழிந்துதான் இறங்க வேண்டும். குழாய் அகலமாக, எங்கும் மேலேறாமல், எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் பேனில் (ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் டர்போவின் சீல் வழியே ஆயில் கசிந்து சைலென்சர் புகைக்கும், டர்போ கெட்டுவிட்டதாக நினைத்துக் கழற்றுவீர்கள்!

அப்புறம் எரிபொருள். பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5:1 முதல் 12:1-க்குள் இருப்பது நல்லது. பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர், டியூன் செய்யக்கூடிய ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), இந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மூன்றும் இல்லாமல் பூஸ்ட் கொடுக்காதீர்கள். பணம் குறைவென்றால் ஃபோர்ஜ்டு பிஸ்டனைத் தள்ளிப்போட்டு, குறைந்த பூஸ்டில் ஓட்டுங்கள்.