நெட்லியின் தாழ்வாரம்

மதிப்பிற்குரிய ஐயா,

சவுத்தாம்ப்டனுக்கு வேலைக்கு வந்து ஓராண்டாகிறது. சென்ற ஞாயிறு நெட்லியில் இருக்கும் பூங்காவுக்குப் போயிருந்தேன். கால் மைல் நீளத்துக்கு அங்கே நின்ற ராயல் விக்டோரியா இராணுவ மருத்துவமனையை 1966இல் இடித்துவிட்டு, நடுவிலிருந்த தேவாலயத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஷெர்லக் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சன் பயிற்சி பெற்ற இடம், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் ஜீப் ஓட்டிய தாழ்வாரம் என்றெல்லாம் சொன்னார்கள். பழமையைப் போற்றும் பிரிட்டிஷாரே இப்படிச் செய்யலாமா? அடுத்த மாதம் ஊரிலிருந்து வரும் பெற்றோரை அங்கே அழைத்துப் போகலாமா? மூன்று படங்கள் இணைத்துள்ளேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாட்சன் ஒரு கதாபாத்திரம்; அவருக்காக ஒரு கட்டடம் நின்றிருக்க வேண்டியதில்லை. உண்மையான மருத்துவர் ஒருவர் வேண்டுமென்றால், மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் இருக்கிறார். 1881இல் நெட்லியில் பயிற்சி முடித்துத்தான் அவர் இந்திய மருத்துவப் பணியின் மதராஸ் பிரிவில் சேர்ந்தார். ஜீப் கதையும் இருக்கட்டும். தாழ்வாரம் எவ்வளவு நீளம் என்று வியந்த நீங்கள், அது எந்தப் பக்கம் இருந்தது என்று ஒருவரையும் கேட்கவில்லையே, அதுதான் எனக்கு வருத்தம்.

ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போரில் குண்டடியால் செத்தவர்களைவிட நோயால் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பல மடங்கு. அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது நெட்லி. 1856 மே 19 அன்று விக்டோரியா அரசி அடிக்கல் நாட்டினார்; கல்லுக்கு அடியில் வீரத்துக்கான உயரிய விருதான விக்டோரியா கிராஸ் பதக்கம் ஒன்றையும் நாணயங்களையும் வைத்தார்கள். சில மாதங்கள் கழித்து, போர்முனையிலிருந்து திரும்பியிருந்த செவிலியர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் வரைபடத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். எதிரே இருக்கும் சவுத்தாம்ப்டன் கழிமுகத்தின் காற்றும் மாலை வெயிலும் வரும் தென்மேற்குப் பக்கம் முழுவதையும் தாழ்வாரம் எடுத்துக்கொண்டிருந்தது. நோயாளிகள் படுக்கும் வார்டுகளோ வடகிழக்கைப் பார்த்துப் பின்பக்கம் கிடந்தன. வார்டு என்றால் இரண்டு பக்கமும் சன்னல் வேண்டும், ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பது அவர் கட்சி. நெட்லியில் ஒரு வார்டின் மூச்சுக்காற்று தாழ்வாரத்துக்கு வந்து அடுத்த வார்டுக்குள் போகும். அவர் பிரதமர் பாமர்ஸ்டனிடமே முறையிட்டார். பாமர்ஸ்டனும் போர்த்துறை அமைச்சர் பான்மூருக்குக் காட்டமாக எழுதினார்: கழிமுகத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்ற கட்டடக்காரரின் வீண் பெருமைக்காக நோயாளியின் சுகத்தைப் பலி கொடுத்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். ஆனால் அஸ்திவாரம் எழும்பிவிட்டது, பணமும் செலவாகிவிட்டது என்று வேலையை நிறுத்த மறுத்துவிட்டார்கள். 1863இல் 138 வார்டுகளோடு திறந்தார்கள். பின்னர் கட்டிய படகுத்துறை கூட ஆழமான தண்ணீர்வரை எட்டவில்லை; கப்பலில் வந்த காயம்பட்டவர்களைச் சிறு படகுகளில் மாற்றித்தான் கரை சேர்க்க வேண்டியிருந்தது.

என் தந்தை ஓர் அரசு மருத்துவமனையில் இருபத்து மூன்று நாள் கிடந்தார். வார்டுக்கு வெளியே அகலமான வராந்தா. காலை முதல் மாலை வரை வெயிலும் காற்றும் அங்கேதான், நாங்களும் அங்கேதான் பாய் விரித்துப் படுத்தோம். அவருடைய கட்டில் உட்சுவரை ஒட்டி இருந்தது. நான் உள்ளே போகும்போதெல்லாம், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், “வெளியே மழை பெய்யுதாப்பா?” என்று கேட்பார். அது ஆடி மாதம், ஒரு பொட்டு மழை இல்லை. அவருக்கு நாள் தெரியாமல் போய்விட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நைட்டிங்கேலின் வாதத்தைப் படித்த பிறகுதான், அவருக்கு வானம் தெரியாமல் போயிருந்தது என்பது எனக்கு உறைத்தது.

ஆகவே, இடித்ததற்காக என்னால் உங்களோடு சேர்ந்து அழ முடியாது. போர்கள் ஓய்ந்தபின் அத்தனை பெரிய கட்டடத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும். 1958இல் மூடினார்கள், 1963இல் தீப்பிடித்தது, 1966இல் இடித்தார்கள், அடிக்கல்லுக்கு அடியிலிருந்த பதக்கத்தையும் அப்போது எடுத்தார்கள். “பிரிட்டிஷாரே இப்படியா” என்ற உங்கள் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டிஷார் பழமையைக் காப்பவர்கள், நாம் அழிப்பவர்கள் என்ற பாட்டை இனி எனக்கு எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களைப் பாருங்கள். மூன்றும் கரையோரம் நின்று, தேவாலயத்தின் குவிமாடம் எடுப்பாகத் தெரியும்படி எடுத்தவை. பாமர்ஸ்டன் எந்தப் பார்வையைத் திட்டினாரோ அதே பார்வை, அதே கோணம். பின்பக்கம் போனீர்களா? 1870இல் மனநோயாளிகளுக்கென்று கட்டிய டி பிளாக் இன்னும் நிற்கிறது. முதல் உலகப் போரில், குண்டு அதிர்ச்சியில் கைகால் நடுங்க வந்த சிப்பாய்களை நெட்லியில் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். உடம்பில் காயமில்லாத ஒரு மனிதன் நேராக நடக்க முயன்று முயன்று தடுமாறுவதை அதில் பார்க்கலாம். பிரிட்டிஷாரும் ஜெர்மானியரும் அருகருகே கிடக்கும் கல்லறைத் தோட்டமும் அங்கேயே மரங்களுக்கு நடுவே இருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

பெற்றோரை அழைத்துப் போங்கள், தாராளமாக. தேவாலயத்துக்குள் கூட்டிப்போன பின், அவர்களைப் பக்கத்துப் புல்வெளியில் கழிமுகத்துக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். தண்ணீர் தெரியாது, கப்பல் தெரியாது, மாலை வெயில் முதுகில்தான் படும். கட்டிலில் கிடந்த சிப்பாய்க்கு அந்தப் பக்கம்தான் தெரிந்தது.